டாமியான் டொமிங்கோ: பிரித்து வரைந்த தூரிகை, பிரிக்காத வகுப்பு

(ஓவிய வரலாற்று அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



ஆசிய நாடுகளின் ஓவியம் குறித்துப் பேச அழைத்தார்கள். சீனம், ஜப்பான் என்று வழக்கமான திசையில் போகாமல் மணிலாவைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குக் காரணமானவர் முப்பத்தெட்டு வயது வரையே வாழ்ந்த ஒரு நீர்வண்ண ஓவியர். அவர் பெயர் டாமியான் டொமிங்கோ. பிலிப்பைன்ஸ் ஓவியத்தின் தந்தை என்று அந்நாட்டார் அவரைச் சொல்கிறார்கள். அவர் வரைந்தவற்றில் நம் கைக்கு வந்திருப்பவை குறைவு. சில சமயப் படங்கள், தந்தத் தகட்டில் தீட்டிய சிறிய தன்னுருவப் படம், மணிலா மக்களின் உடைகளைக் காட்டும் நீர்வண்ணத் தொகுப்புகள். இவற்றை மட்டும் வைத்து மதிப்பிட்டால் திறமையான கைவினைஞர் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அவர் ஒரு பள்ளியும் நடத்தினார். அந்தப் பள்ளியை அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் படங்களின் முழு அர்த்தமும் தெரிகிறது.

இன்று நான் நிறுவ விரும்புவது ஒரே கருத்து. டொமிங்கோ தம் வருமானத்துக்காக மனிதர்களை வகை வகையாகப் பிரித்து வரைந்தார். தம் வகுப்பில் அந்தப் பிரிவினையை ஏற்க மறுத்தார். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று எழுதுகிறவர்கள் உண்டு. இரண்டும் ஒரே பார்வைப் பயிற்சியிலிருந்து வந்தவை என்பது என் வாதம்.

1. ஒரு பள்ளி பிறந்த ஆண்டு

டொமிங்கோ 1796இல் மணிலாவின் டோண்டோ பகுதியில் பிறந்தார். சீன வழியும் உள்ளூர் வழியும் கலந்த குடும்பம். ஸ்பானிய ஆட்சி இவர்களை ‘மெஸ்டிசோ’ என்று தனிக் கணக்கில் வைத்திருந்தது. 1821இல், இருபத்தைந்து வயதில், தம் வீட்டிலேயே ஓவியப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பிலிப்பைன்ஸின் முதல் ஓவிய அகாதமி அதுதான்.

அந்த ஆண்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு, 1820 அக்டோபரில், மணிலாவைக் காலரா வாரிக்கொண்டு போனது. அயல்நாட்டார் தண்ணீரில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பிப் பினோண்டோ பகுதியில் ஐரோப்பியரும் சீனரும் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். டொமிங்கோவின் டோண்டோ அதற்குப் பக்கத்து ஊர். சீன முகம் உயிருக்கு ஆபத்தான காலம். 1821இல் மெக்சிகோ ஸ்பெயினிடமிருந்து பிரிந்தது. இரண்டரை நூற்றாண்டுகளாக மெக்சிகோ வழியாகவே ஆளப்பட்ட பிலிப்பைன்ஸ், திடீரென்று மாட்ரிட்டின் நேரடிப் பிடிக்குள் வந்தது. ஆண்டுதோறும் வெள்ளியும் சமயப் படங்களும் பொருள்களும் கொண்டுவந்த மணிலாக் கப்பலின் கடைசிப் பயணம் 1815இலேயே முடிந்துவிட்டது. வெளியிலிருந்து படம் வருவது குறைந்தால் உள்ளூரில் வரையக் கை வேண்டும். பள்ளிக்குத் தேவை இப்படியும் பிறந்திருக்கும்.

அதே 1821இல், வடக்கே இலோகோஸ் பகுதியின் வீகான் நகரில், எஸ்தெபான் வில்யனுவேவா என்பவர் பதினான்கு ஓவியங்களை வரைந்து முடித்தார். கரும்புச் சாற்றில் காய்ச்சும் பாசி என்ற மதுவின் மீது அரசு ஏகபோக உரிமை கொண்டாடியதை எதிர்த்து 1807இல் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தக் கிளர்ச்சியையும் அதை அடக்கிய விதத்தையும் காட்சி காட்சியாகச் சொல்பவை அவை. முறையான பயிற்சி இல்லாத கை என்பது பார்த்தவுடன் தெரியும். ஆனால் வேகம் இருக்கிறது. ஒரே ஆண்டில், ஒரு மூலையில் பயிற்சி இல்லாமலே தம் காலத்து நிகழ்ச்சியை வரையும் துணிவு, இன்னொரு மூலையில் பயிற்சிக்கென்று ஒரு வீட்டுக் கூடம். பிலிப்பைன்ஸ் ஓவியம் கோயில் சுவரை விட்டு வெளியே கால் வைத்தது இந்த இரண்டு வாசல் வழியாகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2. வரிப் பட்டியலும் உடைத் தொகுப்பும்

அந்தக் காலத்து மணிலாவில் பிறப்பு என்பது வரி விவகாரம். 1741 முதல் மக்கள் வரி நோக்கில் பிரித்து வைக்கப்பட்டிருந்தார்கள். ஸ்பானியருக்கும் ஸ்பானியக் கலப்பினருக்கும் தலைவரி கிடையாது. உள்ளூர் மக்களை ‘இந்தியோ’ என்று எழுதி அவர்களிடம் வரி வாங்கினார்கள். சீனக் கலப்பு மெஸ்டிசோக்கள் அதைப்போல் இரு மடங்கு கட்டினார்கள். சீனர்கள் அதற்கும் மேல். ஆக, டொமிங்கோ தூரிகையைத் தொடுவதற்கு முன்பே அவரை ஒரு பத்தியில் எழுதி முடித்திருந்தது அரசாங்கம்.

அவர் பெயரை நிலைநிறுத்திய வேலையும் ஒரு வகையில் அந்தப் பத்திகளின் தொடர்ச்சிதான். ‘நாட்டு மாந்தர்’ வகைப் படங்கள் என்று ஒரு மரபு உண்டு. வெற்றுத் தாளில் ஒற்றை உருவம், கால் அடியில் கொஞ்சம் தரை, கீழே ஒரு குறிப்பு: மணிலாவின் இந்தியோப் பெண், மெஸ்டிசோ ஆண், விற்பனைக்காரி என்று. பின்னணியில் வீடும் தெருவும் இருக்காது. பெயர் இருக்காது. துறைமுகத்துக்கு வந்துபோகும் அயல்நாட்டார் வாங்கிச் செல்வதற்கு ஏற்ற படங்கள். சீனத்துக் காண்டன் நகரப் பட்டறைகளும் இதே சந்தைக்காக இத்தகைய படங்களை வரைந்து தள்ளின.

நம் ஊரிலும் இது நடந்தது. தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் கம்பெனிக்காரர்களுக்காகச் சாதிக்கு ஒரு தம்பதியாக வரைந்து, கையில் தொழிற்கருவியைக் கொடுத்து, கீழே பெயர் எழுதி விற்றார்கள். திருச்சியில் மைக்காத் தகட்டில்கூட வரைந்தார்கள். லண்டன் காட்சியகங்களில் அவை கட்டுக்கட்டாக இருக்கின்றன. வரைந்தவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது.

டொமிங்கோ விஷயத்தில் பெயர் தெரியும். சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் இருக்கும் தொகுப்பின் முகப்புப் பக்கம் இரண்டு பேரைச் சொல்கிறது. தொகுத்தவர் ரபேல் டேனியல் பாபூம். வரைந்தவர் டாமியான் டொமிங்கோ, ஓவிய அகாதமியின் இயக்குநர். வரைந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் ஆசிரியப் பதவியையும் எழுதியிருக்கிறார்கள் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கைவினைஞரின் பெயரே எழுதப்படாத சந்தையில், இவர் தம் பதவியோடு நிற்கிறார்.

அந்த பாபூம் மணிலாவில் துணி வணிகர். இந்தியாவிலிருந்து போனவர் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சோழமண்டலக் கரைத் துணி மணிலாவுக்குப் போய், அங்கிருந்து பசிபிக் கடல் தாண்டி மெக்சிகோவின் அகபுல்கோவில் இறங்கிய காலம் ஒன்று இருந்தது. சென்னையில் குடியேறிய ஆர்மேனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் மணிலா வாணிபத்தில் சேர்த்த பணத்தில்தான் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலம் கட்டினார். 1762இல் மணிலாவைப் பிடிக்க ஆங்கிலேயர் படை புறப்பட்டதும் சென்னையிலிருந்துதான். அதில் போன சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் கைந்தா என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். அவர்களுடைய வழியினர் இன்றும் அங்கே உண்டு.

துணி வணிகர் ஒருவர் உடைத் தொகுப்புக்குப் பணம் கொடுத்தால் அவருடைய கண் எதில் இருக்கும்? யார் எதை உடுத்துகிறார்கள், எந்தக் கோடு, எந்தக் கட்டம், எது விலை போகும் என்பதில்தான். எனவே அந்தப் படங்களில் முகத்தைவிடத் துணிக்கு உழைப்பு அதிகம். முகங்கள் ஏறக்குறைய ஒரே வார்ப்பில் வந்தவை. குறையாகச் சொல்லப்படும் இந்த அம்சத்தை அடுத்த பகுதியில் வேறு விதமாகப் பார்க்கலாம்.

3. அன்னாசி நாரில் நெய்த துணி

இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். நீர்வண்ணம் பழகும் மாணவர்களுக்கு இது பயன்படும்.

பிலிப்பைன்ஸில் அன்னாசி இலையின் நாரை உரித்து, முடிச்சுப் போட்டு நீட்டி, ‘பீனா’ என்ற துணியை நெய்வார்கள். லேசான தந்த நிறம். கண்ணாடி போல் உள்ளே இருப்பதைக் காட்டும், ஆனால் விறைப்பாக நிற்கும். வசதியுள்ள மெஸ்டிசோ ஆண் அதில் முழங்கால் வரை நீண்ட சட்டை தைத்து, கால்சட்டைக்கு வெளியே தொங்கவிட்டுக்கொள்வார். பெண்கள் அதில் மேல்சட்டையும் கழுத்தைச் சுற்றிய கைக்குட்டையும் அணிவார்கள். அதன்மேல் அதே நிற நூலில் பூவேலை.

இதை நீர்வண்ணத்தில் கொண்டுவருவது எப்படி? எண்ணெய் வண்ணத்தில் வெள்ளையைக் குழைத்துப் பூசலாம். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தாளின் வெள்ளைதான். அதை மூடிவிட்டால் திரும்ப வராது. சட்டைக்கு உள்ளே தோலின் பழுப்பு தெரிய வேண்டும். இடுப்புக்குக் கீழே கால்சட்டையின் நீலக் கோடுகள் தெரிய வேண்டும். ஆனால் இரண்டும் வெளியே இருக்கும் கையையும் காலையும்விட ஒரு படி மங்கலாக இருக்க வேண்டும். ஆகவே சட்டையை வரைவதற்கு முன் உடம்பை வரைய வேண்டும், கால்சட்டையைக் கோடு கோடாக முடிக்க வேண்டும், நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு, மிக நீர்த்த ஒரு வெண்பூச்சை ஒரே இழுப்பில் மேலே கொண்டுபோக வேண்டும். இரண்டாம் முறை தூரிகை பட்டால் அடியில் இருக்கும் வண்ணம் கரைந்து கலங்கிவிடும். மடிப்பு விழும் இடத்தில் துணி இரண்டு அடுக்காகிறது. அங்கே மட்டும் மேலே ஒரு பூச்சு. கடைசியில், நாலைந்து மயிரே உள்ள தூரிகையால் கெட்டி வெள்ளையைத் தொட்டு, பூவேலையைப் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும்.

இந்த மரபின் நல்ல படங்களில் இவ்வளவும் ஒரு சாண் உயர உருவத்துக்குள் நடந்திருக்கிறது. துணியின் ஊடே உடம்பு தெரியும் அளவை வைத்தே அது பீனாவா, பட்டு கலந்ததா, வெறும் பருத்தியா என்று சொல்லிவிடலாம். பெண்ணின் நீண்ட பாவாடைமேல் இறுக்கிக் கட்டிய ‘தபிஸ்’ என்ற கருநிற மேல்துணி அதற்கு நேர்மாறு. வெளிச்சத்தை விடாது. ஒரே உருவத்தில் ஒளி புகும் துணியும் புகாத துணியும் அடுத்தடுத்து வருகின்றன. தாளில் இதைச் சரியாகக் காட்டத் தெரிந்தவருக்கு நீர்வண்ணத்தின் பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

இப்போது முகங்களுக்கு வருவோம். அரசு மனிதர்களை இரத்தத்தால் பிரித்தது. டொமிங்கோவின் தாளில் அந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று தேடினால், உடையில் மட்டும்தான் இருக்கிறது. தொப்பி, கைத்தடி, சட்டையின் நீளம், செருப்பின் வேலைப்பாடு. இந்தியோ என்று எழுதப்பட்ட முகத்துக்கும் மெஸ்டிசோ என்று எழுதப்பட்ட முகத்துக்கும் வேறுபாடு சொல்வது கடினம். நின்ற தோரணையிலும் உயர்வு தாழ்வு இல்லை. சந்தைக்கூடை சுமக்கிறவளுக்கும் சீமாட்டிக்கும் ஒரே அளவு இடம், ஒரே அளவு உழைப்பு. வகுப்புகளைப் பிரித்துக் காட்டச் சொல்லிப் பணம் கொடுத்தார்கள். அவர் பிரித்துக் காட்டியது துணிகளை. இதை அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. கண் போன இடத்துக்குக் கை போனது. அந்தக் கண்தான் வகுப்பறைக்குள்ளும் போனது.

4. சேர்க்கை விதி

மணிலாவில் பொருளாதார முன்னேற்றத்துக்கென்று ஓர் அரச சங்கம் இருந்தது. ஆளுநர் ஹோசே பாஸ்கோ 1781இல் நிறுவியது. அவுரி, பட்டு என்று பயிர்த்தொழிலுக்கு ஊக்கம் தந்த அமைப்பு. அது 1823இல் தன் பொறுப்பில் ஓர் ஓவியப் பள்ளியைத் திறந்தது. 1826இல் அதன் இயக்குநர் பொறுப்பை டொமிங்கோவிடம் கொடுத்தது. வீட்டுக் கூடத்தில் தொடங்கிய ஆசிரியர், அரசு ஏற்ற நிறுவனத்தின் தலைவரானார். சீனக் கலப்பு வழியில் வந்த ஒருவருக்கு அன்று அது சிறிய இடமில்லை.

இயக்குநராக அவர் கொண்ட நிலைப்பாடுதான் இன்றைய உரையின் மையம். மாணவர்களிடையே பிறப்பு வேறுபாடு பார்ப்பதில்லை. ஸ்பெயினில் பிறந்தவர், பிலிப்பைன்ஸில் பிறந்த ஸ்பானியர், மெஸ்டிசோ, இந்தியோ எல்லோருக்கும் ஒரே நடத்தை.

இதை நல்ல மனம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. 1823 ஜூன் மாதம், அதாவது சங்கம் பள்ளி திறந்த அதே ஆண்டில், ஆந்திரேஸ் நோவாலஸ் என்ற படைத் தலைவர் மணிலாவில் கலகம் செய்தார். ஸ்பெயினிலிருந்து வந்த அதிகாரிகளை மேலே வைத்து, பிலிப்பைன்ஸில் பிறந்த ஸ்பானியரைப் பதவி இறக்கியதுதான் அதன் வேர். ஒரே நாளில் கலகம் அடக்கப்பட்டது; அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஸ்பானிய இரத்தமே உள்ளவர்களுக்குள்கூடப் பிறந்த இடத்தை வைத்து மேல் கீழ் பார்த்த காலம் என்பதற்கு இது போதும். அந்தச் சூழலில் இந்தியோப் பையனையும் ஸ்பானியப் பையனையும் அடுத்தடுத்து உட்காரவைத்து, ஒரே அச்சுப் படத்தைப் பார்த்து வரையச் சொன்னால் அது ஒரு நிலைப்பாடு. டொமிங்கோ மெஸ்டிசோப் படைப்பிரிவில் அதிகாரியாகவும் இருந்தவர். படையில் பிரிவுகள் எப்படி நடத்தப்பட்டன என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஓவிய வகுப்புக்கு இதில் ஒரு தனி வசதியும் உண்டு. முடிந்த படங்களை ஒரே சுவரில் மாட்டிவிட்டால் யார் கோடு உறுதியானது என்பது அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வரிப் பட்டியல் அங்கே உதவாது. டொமிங்கோ பேசிய சமத்துவம் இந்த அன்றாட நடைமுறையில் வேர் கொண்டது என்று நம்புகிறேன்.

5. பள்ளி மூடியது, பார்வை தொடர்ந்தது

1834இல் டொமிங்கோ மறைந்தார். பணமில்லாமல் பள்ளியும் அதே ஆண்டில் மூடப்பட்டது. மணிலாத் துறைமுகத்தை உலக வாணிபத்துக்கு முறையாகத் திறந்துவிட்டதும் அதே 1834தான். அயல்நாட்டார் திரளாக வரத் தொடங்கி, உடைப் படங்களுக்குக் கேட்பு பெருகிய நேரத்தில் அதைக் கற்பித்த பள்ளி இல்லை. 1850 அளவில் வணிகக் குழுவின் ஆதரவில் அகாதமி மறுபடி திறந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த அகுஸ்தீன் சாயெஸ் பிற்பாடு அதை நடத்தினார். ஹுவான் லூனா அங்கே படித்தவர். 1884இல் மாட்ரிட் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கிய ‘ஸ்போலியாரியம்’ அவருடையது. பிலிப்பைன்ஸ் ஓவிய வரலாறு எழுதுகிறவர்கள் டொமிங்கோவிலிருந்து நேரே லூனாவுக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் பதினாறு ஆண்டுகள் எனக்கு முக்கியமானவை. பள்ளி இல்லாத அந்தக் காலத்தில் நீர்வண்ணம் செத்துவிடவில்லை.

ஹோசே ஹொனோராத்தோ லொசானோ அந்த இடைவெளியில் எழுந்தவர். புரவலர் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் மனிதர்களாலும் மரங்களாலும் படகுகளாலும் கட்டி அமைத்து, சுற்றிலும் மணிலாக் காட்சிகளை நிரப்பும் ஒரு வகையை அவர் புகழ்பெறச் செய்தார். 1847இல் அவர் வரைந்த தொகுப்பு ஒன்று மாட்ரிட்டில் ஸ்பெயின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. வெற்றுத் தாளில் தனியாக நின்ற டொமிங்கோவின் மாந்தர்கள், லொசானோவிடம் தெருவுக்கு வந்து சேவல் சண்டை பார்க்கிறார்கள், ஆற்றைக் கடக்கிறார்கள்.

இன்னொருவர் ஹுஸ்தினியானோ அசுன்சியோன். 1816இல் மணிலாவின் சாந்தா குரூஸ் பகுதியில், ஓவியர்கள் நிறைந்த மெஸ்டிசோக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளி மூடியபோது அவருக்குப் பதினெட்டு வயது. டொமிங்கோவிடம் பயின்றவர் என்று கருதப்படுகிறது. தொடக்கத்தில் அவரும் உடைப் படங்கள் வரைந்தார், ஆசானைப் போலவே. பிறகு எண்ணெய் வண்ணத்துக்கு மாறி, மணிலாவின் வசதியுள்ள குடும்பப் பெண்களை உருவப் படங்களாகத் தீட்டினார். அவற்றில் பீனாக் கைக்குட்டையின் பூவேலை தையல் தையலாக எண்ணக்கூடியதாக இருக்கிறது. மோதிரம், சீப்பு, கையில் இருக்கும் ஜெபமாலை எல்லாம் அப்படியே. நுண்வேலை மரபு என்று ஓவிய வரலாற்றில் சொல்லப்படும் இந்தப் பாணியின் வேர் உடைத் தொகுப்புகளில்தான் இருக்கிறது. துணி வணிகருக்காகப் பழகிய கண், இரண்டாம் தலைமுறையில் வேறு வேலைக்கு வந்துவிட்டது.

ஒரு மாற்றத்தைச் சொல்லி முடிக்கிறேன். உடைத் தொகுப்பில் பெண்ணுக்குக் கீழே அவள் வகுப்பை எழுதினார்கள். படம் அயலாருக்குப் போனது. அசுன்சியோன் 1875இல் வரைந்த ரொமானா கரில்யோவின் உருவப் படத்தில் அதே வகைத் துணி இருக்கிறது, அதே உழைப்பு இருக்கிறது, ஆனால் முகம் வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. படத்தை நாம் அவர் பெயராலேயே அறிகிறோம். அகாதமி சுவர்களுக்குள் ஏறக்குறைய எட்டு ஆண்டுகளே இயக்குநராக இருந்த ஓர் ஆசிரியரின் பாடம், பள்ளியே இல்லாத ஆண்டுகளைத் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. உடைப் படங்களையும் இந்த உருவப் படங்களையும் அருகருகே வைத்து, துணியிலிருந்து முகத்துக்குக் கண் எப்படி ஏறியது என்று படிப்படியாகக் காட்டும் ஆய்வு தமிழில் இன்னும் எழுதப்பட வேண்டும். நம் தஞ்சை, திருச்சிப் படங்களைக் கையில் வைத்திருக்கும் மாணவர்களுக்கு அதைத் தொடங்கும் தகுதி மற்றவர்களைவிட அதிகம் இருக்கிறது.